லேபர் கேம்ப் எழுத்தாளரும் நம் வீட்டுக் கதைகளும்

(தாராவியில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். “சங்கம் கையெழுத்துப் பத்திரிகை நடத்தப் போகிறது, எல்லோரும் கதை எழுதுங்கள் என்கிறீர்கள். பத்துக்குப் பத்து அறை. அதில் ஏழு பேர். மேலே தகரம், வாசலில் சாக்கடை. இதற்குள் உட்கார்ந்து எவன் கதை எழுதுவான்? எழுத்தாளன் என்றால் அவனுக்குத் தனி அறை வேண்டாமா? ஓய்வு வேண்டாமா? படிப்பு வேண்டாமா?” என்று கேட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நாங்கள் பதில் சொல்லாமல் விழித்தோம்.

அந்தப் பதிலைத் தேடி நாங்கள் வெகுதூரம் போகவில்லை தோழர்களே. பக்கத்தில் இருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்ப் வரைக்கும்தான் போனோம். நம் பிள்ளைகள் பந்து விளையாடப் போகிற தூரம். அங்கே ஒரு காலத்தில் ஒரு கூலிக்காரர் குடியிருந்தார். 30-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். சிறுகதைத் தொகுதிகள், நாடகங்கள், பாட்டுகள், பயண நூல் என்று எழுதிக் குவித்தார். அவர் பெயர் அண்ணாபாவு சாட்டே. மராத்தி எழுத்தாளர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் அவர் யார் என்று பார்ப்போம்.

இன்றைய சாங்லி மாவட்டத்தில் வாட்டேகாவ் என்னும் சிற்றூர். 1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் அங்கே பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் துக்காராம். பிறந்தது மாங்க் சாதியில். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கியது. குற்றப் பரம்பரை என்று வெள்ளை அரசாங்கம் முத்திரை குத்தியது. கொடுத்த நேரத்தில் போய் ஆஜர் சொல்லாவிட்டால் குற்றம். இது நமக்குப் புதிய கதையா? மதுரைப் பக்கத்துத் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். கைரேகைச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் நின்ற மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் மாண்டதை நீங்கள் அறிவீர்கள். அந்த நெருப்பு எரிந்த அதே ஆண்டில்தான் அங்கே இந்தக் குழந்தை பிறந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒன்றரை நாள்தான் என்று மராட்டிய மக்கள் சொல்வார்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய இடத்துக்கு அந்தப் பிள்ளை மறுபடி போகவில்லை. 1931-இல் ஊரில் வறட்சி. ரயிலுக்குக் காசு கிடையாது. குடும்பமே பம்பாய்க்கு நடந்து வந்தது. வழியில் கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்ததைத் தின்று, ஆறு மாத நடை! நம் பாட்டனார்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்காவது ரயில் கிடைத்தது. பதினொரு வயதுப் பிள்ளை இந்த ஊருக்குக் கால்நடையாக வந்து சேர்ந்தது.

வந்த பிறகு என்ன? கரி அள்ளினார். சுமை தூக்கினார். நெசவாலையில் கூலி வேலை பார்த்தார். எழுத்தை எங்கே கற்றார்? கடைகளின் பெயர்ப் பலகைகளையும் சினிமா போஸ்டர்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றார் என்கிறார்கள். தம்பி கேட்டாரே, படிப்பு வேண்டாமா என்று. வேண்டும்தான். இந்தத் தெருவே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

அடுத்து, அவர் எழுதிய விதத்தைப் பார்ப்போம். நம் பத்திரிகைக்கு எழுதப் போகிறவர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

எழுதத் தொடங்கிய நாட்களில் அவர் கட்டிய பாட்டுகளில் ஒன்று எதைப் பற்றியது தெரியுமா? கொசுவைப் பற்றி! லேபர் கேம்ப் கொசுவைப் பற்றி! நீங்கள் சிரிக்கிறீர்கள். மராட்டியத்தில் ‘போவாடா’ என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. மாவீரர்களின் போர்களைப் புகழ்ந்து பாடுவது அந்தப் பாட்டு. சிவாஜி மகாராஜாவுக்குப் பாடிய மெட்டில் இந்த மனிதர் கொசுவைப் பாடினார். இரவெல்லாம் நம்மைத் தூங்கவிடாத எதிரி யார் என்று பார்த்து அதிலிருந்து தொடங்கினார். அந்தக் கொசுவின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. நம்மில் யார் அதைப் பாடினோம்?

அதற்காக அவர் கொசுவோடு நின்றுவிடவில்லை. 1943-இல் ஸ்டாலின்கிராடு போரைப் பற்றி ஒரு போவாடா கட்டினார். பாசிச நாஜிப் படையை ரஷ்யத் தொழிலாளி மறித்து நின்ற செய்தியை, ரஷ்யா எங்கே இருக்கிறது என்று தெரியாத ஆலைத் தொழிலாளியின் காதில் போட்டார். வீட்டு வாசலையும் உலகத்தையும் ஒரே கையால் எழுதினார்.

1944-இல் அமர் ஷேக், தத்தா கவாண்கர் ஆகிய தோழர்களோடு சேர்ந்து ‘லால் பாவ்டா’ கலைக்குழுவை அமைத்தார். லால் பாவ்டா என்றால் செங்கொடி. சால்களிலும் ஆலை வாசல்களிலும் மைதானங்களிலும் பாடினார்கள், ஆடினார்கள், கூத்துக் கட்டினார்கள். எழுத்தாளனுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்திருக்கிற தொழிலாளியை ஏமாற்ற முடியாது. பிடிக்கவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான். கூட்டம் எங்கே சிரித்தது, எங்கே கண்ணைத் துடைத்தது என்பதை மேடையில் நின்று கண்ணால் பார்த்தவர் அவர். அதனால்தான் பின்னாளில் அவர் எழுதிய கதைகளில் சுற்றி வளைக்கிற பேச்சைக் காண முடியாது.

சுதந்திரம் வந்தது. பம்பாய் அரசாங்கம் ‘தமாஷா’ கூத்துக்குத் தடை போட்டது. ஆடவும் பாடவும் தெரிந்த மனிதனுக்கு மேடை இல்லை என்றால் என்ன செய்வான்? கூத்தின் பெயரையும் உருவையும் மாற்றி மக்கள் நாடகமாக ஆடினார். அதோடு காகிதத்தைப் பிடித்துக்கொண்டார். 1950-களில் காட்கோபரில் சிராக் நகர்க் குடிசையில் இருந்துகொண்டு கதைகளும் நாவல்களும் எழுதினார். தம்பி, தனி அறை கேட்டீர்களே! சிராக் நகர் எப்படிப்பட்ட இடம் என்று இங்கே யாருக்கும் நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

எதை எழுதுவது என்பதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தாம் வாழ்ந்ததை, கண்டதை, அனுபவித்ததை மட்டுமே எழுதுவதாகச் சொன்னார். கற்பனைச் சிறகு கட்டிப் பறக்கத் தமக்குத் தெரியாது, அந்த விஷயத்தில் தாம் ஒரு தவளை என்று தம்மையே கேலி செய்துகொண்டார். நல்ல தவளை! குளத்தில் எந்த மூலையில் எவ்வளவு சேறு என்று தவளைக்குத்தான் தெரியும். மேலே பறக்கிற கொக்குக்குத் தெரியுமா?

அவர் எழுதிய ஒரு கதையைச் சொல்கிறோம். ‘சுடுகாட்டுப் பொன்’ என்று தமிழில் அதன் பெயரைச் சொல்லலாம்.

பீமா என்று ஒருவன். வாரணை ஆற்றங்கரை ஊரிலிருந்து மனைவி மக்களோடு பிழைக்க வந்தவன். மலை மாதிரி உடம்பு. நகரத்துக்குள் வேலை கிடைக்காமல், புறநகரில் காட்டோரத்துக் கல் குவாரியில் சேருகிறான். பாறை அவன் கையில் மண்ணாகப் பொடிகிறது. ஆறு மாதத்தில் குவாரி மூடப்படுகிறது. கை இருக்கிறது, வேலை இல்லை. ஒருநாள் சுடுகாட்டு வழியாக வரும்போது சாம்பலில் ஏதோ மின்னுகிறது. பார்த்தால் பொன். அன்று முதல் அதுவே அவன் தொழிலாகிறது. சாம்பலைச் சலிக்கிறான். பிணத்தைத் தோண்டுகிறான். மனைவி மன்றாடிப் பார்க்கிறாள். அவன் கேட்கவில்லை. சுடுகாட்டில் கிடைக்கிற சோறு குவாரியில் கிடைக்கவில்லையே!

ஒரு இரவில் ஒரு பணக்காரனின் பிணத்தைத் தேடிப் போகிறான். அதே பிணத்தைத் தின்ன ஓநாய்க் கூட்டமும் வருகிறது. மனிதனுக்கும் ஓநாய்க்கும் சண்டை. யாருக்காக? ஒரு பிணத்துக்காக. பீமா ஜெயிக்கிறான். பிணத்தின் வாயைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து பொன்னை எடுக்கும்போது, இரண்டு விரல்கள் அந்தப் பல்லுக்குள் சிக்கிக்கொள்கின்றன. உயிர் தப்பி வீடு வருகிறான். காய்ச்சல் அடிக்கிறது. மருத்துவர் அந்த இரண்டு விரல்களையும் வெட்டி எடுக்கிறார். அதே நாளில் செய்தி வருகிறது: குவாரி மறுபடி திறந்துவிட்டது, வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள்! யானை போன்ற அந்த மனிதன் குழந்தை மாதிரி அழுகிறான்.

தோழர்களே, இந்தக் கதையில் எங்கேயாவது “முதலாளித்துவம் ஒழிக” என்று எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதியவர் முழுக்க முழுக்கச் செங்கொடித் தோழர்தான். ஆனாலும் கோஷத்தைக் கதைக்குள் போடவில்லை. விரல் போன செய்தியையும் வேலை வந்த செய்தியையும் ஒரே நாளில் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். மீதியைக் கேட்கிறவன் யோசித்துக்கொள்வான். நம் இளைஞர்கள் கொடுக்கிற கதைகளில் கடைசிப் பக்கம் முழுதும் மேடைப் பேச்சாக இருக்கிறது. மேடையில் பேச நாங்கள் இருக்கிறோம் தம்பிகளே. நீங்கள் பீமாவின் விரலைக் காட்டுங்கள், போதும்.

ஆலை மூடியபோது, தோல் ஷாப்புகள் ஊரைவிட்டுப் போனபோது, நம் வீடுகளில் எத்தனை பீமாக்கள் எந்தெந்தச் சாம்பலைச் சலித்தார்கள்? 1982-இல் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலை திரும்பக் கிடைக்காதவர்களின் பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்தக் கதைகளை எழுதியவர் யார்?

இங்கே சில பெரியவர்களின் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் எங்களுக்குப் புரிகிறது. “மராட்டியக்காரரைப் புகழ்கிறீர்களே, 1960-களின் கடைசியில் தென்னாட்டான் வெளியே போ என்று நம்மை விரட்டியது மறந்துவிட்டதா? இவரும் சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் பம்பாய் மராட்டியருக்கே என்று பாடியவர்தானே?”

மறக்கவில்லை. கடைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே பிள்ளைகளின் வாயைப் பொத்தி இருந்த இரவுகளை எப்படி மறப்போம்? ஆமாம், அவர் அந்தப் போராட்டத்தில் பாடினார். ஆனால் எப்படிப் பாடினார் என்று பாருங்கள். மனைவியைக் கிராமத்தில் விட்டுவிட்டுப் பம்பாயில் வந்து கிடக்கிற ஒரு கூலித் தொழிலாளியின் ஏக்கத்தைப் பாட்டாக்கினார். ‘என் மைனா ஊரில் நின்றுவிட்டாள்’ என்பது அந்தப் பாட்டின் பொருள். பிரிந்து நின்ற மராத்திப் பகுதிகளின் ஏக்கத்தையும் அதே பிரிவோடு சேர்த்தார். அந்தப் பாட்டில் அயலான் மீது பகை இல்லை. மணியார்டர் அனுப்பிவிட்டு, பதில் கடிதத்துக்குக் காத்திருந்த நம் அப்பாக்களின் மனம்தான் அதில் இருக்கிறது. அவர் நகரத்தைக் கேட்டது பாடுபடுகிறவனுக்காக. பாடுபடுகிறவன் பட்டியலில் நாமும் உண்டு.

1958-இல் இந்த நகரத்தில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்து அவர் பேசினார். இந்த பூமியைத் தாங்குவது ஆதிசேஷன் தலை அல்ல, ஒடுக்கப்பட்டவனும் உழைப்பாளியும் தங்கள் கையில் தாங்குகிறார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். அந்தக் கைகளில் மராத்திக் கை, தமிழ்க் கை என்று அவர் பிரிக்கவில்லை. 1959-இல் வந்த ‘பகீரா’ என்னும் நாவலை அண்ணல் அம்பேத்கரின் போராடும் எழுதுகோலுக்குக் காணிக்கையாக்கினார். பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களுக்காக வெள்ளையனை எதிர்த்துக் கொள்ளையிட்ட ஒரு மாங்க் வீரனின் கதை அது. எந்த இனத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் எழுதி வைத்ததோ, அந்த இனத்திலிருந்தே ஒருவர் எழுந்து திருத்தி எழுதினார். 1961-இல் மாநில அரசு அந்த நாவலுக்குப் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு, தாம் ஆசானாக எண்ணிய கார்க்கியின் நாட்டுக்குப் போய் வந்தார்.

இவ்வளவு சொன்ன நாங்கள் கசப்பான பகுதியையும் மறைக்கக் கூடாது. எழுத்தாளர் வாழ்க்கை என்றால் மாலையும் மேடையும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

அவருடைய புத்தகங்கள் விற்றன. பல கதைகள் சினிமாப் படங்களாயின. எழுதியவர் கையில் ஒன்றும் தங்கவில்லை. குடிப்பழக்கம் உடம்பைத் தின்றது. குடும்பம் சிதறியது. கடைசிக் காலத்தில்தான் கோரேகாவில் ஒரு வீடு கிடைத்தது. 1969 ஜூலை 18-ஆம் நாள் இறந்தார். 49 வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. இறந்த பிறகு, 2002-இல் அஞ்சல் தலை வந்தது. 2022-இல் மாஸ்கோ நகரில் சிலை வந்தது. உயிரோடு இருந்தபோது அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது சிலையா? மாதா மாதம் தவறாத கூலியும், தோளில் கை போட்டுக் குடியை விட வைக்கிற நாலு தோழர்களும்தானே! எழுதுகிறவன் தனியாக எழுதலாம். தனியாகப் பிழைக்க முடியாது. அவனைக் காப்பாற்றும் கடமை கேட்கிறவர்களுக்கு உண்டு. ஆதலால்தான் இதைச் சங்கத்தின் வேலை என்கிறோம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறோம்.

இதோ முன்வரிசையில் ஓர் ஆச்சி உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கையைக் காட்டுகிறார், சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, மகன்களைப் படிக்க வைத்தவர். மழை வெள்ளத்தில் இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த கதையை அவர் போன வாரம் எங்களிடம் சொன்னார். நாங்கள் நால்வரும் டீ ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். “ஆச்சி, இதை எழுதுங்களேன்” என்றோம். “எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா இட்லிப் பானையத் தூக்குதேன்?” என்றார். மகன்கள் எழுதலாமே என்றோம். மகன்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள், எழுதத் தெரியும், நேரமில்லை. பேரன் இங்கிலீஷ் மீடியம். ஆச்சி சொல்வது அவனுக்குப் புரியும். எழுதிக் கொடுத்தால் அதைப் படிக்க அவனால் முடியாது.

ஒரே வீட்டில் சொல்லத் தெரிந்தவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர், படிக்கத் தெரியாதவர் ஒருவர்! இந்த மூவரும் ஓர் இரவு ஒன்றாக உட்கார்ந்தால்தான் அந்த வீட்டின் கதை பிழைக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. மறுசீரமைப்பு என்று சொல்லி 2024-ஆம் ஆண்டில் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்கள். எந்த ஆண்டு வந்தாய், என்ன தாள் வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். நம் உரிமைக்கான தாள்களைச் சங்கம் விடாமல் கேட்டு வாங்கும், அந்தப் போராட்டம் வேறு. ஆனால் நாளைக்கு இந்தச் சந்துகள் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றால், இங்கே யார் வாழ்ந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று எந்தத் தாள் சொல்லும்? மின்சார ரசீது சொல்லுமா? ரேஷன் கார்டில் பெயர் இருக்கும், வயது இருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்த ஆச்சி அதில் இருப்பாரா? அதை எழுதினால்தான் உண்டு.

எனவே செயற்குழு முடிவு செய்திருப்பதைச் சொல்லி முடிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு மாலை, இந்த அறை கதைக்காகத் திறந்திருக்கும். சொல்ல வருகிறவர்கள் சொல்லலாம். எழுதத் தெரிந்த நான்கு பிள்ளைகள் நோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே பத்திரிகையில் சேர்ப்போம். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அன்று மாலையே ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு. எழுதுகிறவர்களுக்குச் சங்கம் பேனா, நோட்டு வாங்கித் தரும். அச்சாகிற கதை ஒவ்வொன்றுக்கும் சிறிய தொகையாவது தரும். இலவசமாக வாங்கிக்கொண்டு பொன்னாடை மட்டும் போர்த்துகிற வழக்கம் நம் சங்கத்தில் வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பி அதோ கதவோரம் நிற்கிறார். தம்பி, உங்களுக்கு அறை இல்லை, உண்மைதான். அதைப் பெறவும் போராடுவோம். அதுவரை காத்திராதீர்கள். ஆச்சி பக்கத்தில் இடம் இருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் கொசுவிலிருந்து தொடங்குங்கள்.